செவிலியர் மேற்படிப்புக்கு எந்தக் கல்லூரி?

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வகுத்தவர் வள்ளுவர். ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் அந்த நான்காமவருக்கு ‘உழைச்செல்வான்’ என்று பெயரிட்டு, மருத்துவரோடு ஒரே வரிசையில் நிறுத்தினார். நாமோ மருத்துவப் படிப்புக்கு இடம் தேடும்போது ஊரைக் கூட்டி ஆராய்கிறோம். செவிலியர் மேற்படிப்பு என்றால் ‘எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே சேர்ந்துகொள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இந்த மனப்போக்கு மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைக் கல்லூரியின் ஆண்டு மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவலாம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் நம் மாணவ மாணவியரில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வீட்டில் அக்காவோ அண்ணியோ சித்தியோ நர்சாக இருப்பார். எம்.எஸ்சி. நர்சிங் விண்ணப்பம் வந்தால், ‘நீதான் காலேஜில் படிக்கிறாயே, பார்த்துச் சொல்லு’ என்று நம் கையில்தான் கொடுப்பார்கள். அப்போது சரியான யோசனை சொல்லும் கடமை நமக்கு உண்டு.

முதலில் படிப்பைப் பற்றிச் சில செய்திகள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. பட்டப்படிப்பு 1946-இல் தில்லியிலும் வேலூரிலும் வந்தது. முதுநிலைப் படிப்பை 1959-இல் தொடங்கிய பெருமை தில்லிக் கல்லூரிக்கு உரியது. அக்கல்லூரி இன்று ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எம்.எஸ்சி. நர்சிங் ஈராண்டுப் படிப்பு. இதில் சேர இளநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதி. கற்பிக்கும் முறை, ஆராய்ச்சி, புள்ளியியல், நிருவாகம் ஆகியவற்றோடு ஒரு சிறப்புத் துறையை ஆழ்ந்து பயின்று, முடிவில் ஓர் ஆய்வேடும் அளிக்க வேண்டும்.

இப்பட்டம் பெற்றவர்களுள் பெரும்பாலோர் செவிலியர் கல்லூரி ஆசிரியர்களாகவே ஆகின்றனர். ஒருவர் தம் பணிக்காலத்தில் நூற்றுக்கணக்கான இளம் செவிலியரை உருவாக்குகிறார். ஊசி மருந்தின் அளவைத் தவறாகக் கணக்கிடும் பழக்கம் ஆசிரியரிடம் இருந்தால், அது அவரிடம் பயின்ற அத்தனை பேரோடும் அத்தனை ஊர்களுக்கும் போகும். ஆகவே, கல்லூரித் தேர்வில் நேரும் பிழை, படிப்பவரின் பணத்தோடும் காலத்தோடும் நின்றுவிடுவதில்லை. அதன் விலையை முன்பின் அறியாத ஒரு நோயாளி கொடுக்க நேரிடும்.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? என் கருத்தில் முதற்கண் பார்க்க வேண்டியது மருத்துவமனையை. நான்கு மாடிக் கட்டடம், குளிரூட்டிய வகுப்பறை, வண்ண வண்ண விவரக் குறிப்பேடு ஆகியவற்றைக் கண்டு மயங்கிவிடலாகாது. செவிலியருக்கு வார்டே வகுப்பறை, நோயாளியே பாடநூல். படுக்கைகள் காலியாகக் கிடக்கும் இடத்தில் எத்துணைச் சிறந்த பேராசிரியர் இருந்தாலும் அவர் எதைக் காட்டிக் கற்பிப்பார்?

இவ்வகையில் மதுரை வாழ்வோர் பேறு பெற்றவர்கள். 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த செவிலியர் கல்லூரியில் முதுநிலைப் படிப்பு நடைபெறுகிறது. அதன் பயிற்சிக்களம் அரசு இராசாசி மருத்துவமனை; முதியோர் வாயில் இன்றும் ‘எர்ஸ்கின் ஆஸ்பத்திரி’; எல்லோர்க்கும் ‘பெரியாஸ்பத்திரி’. தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் இப்போது தனித்தனியே மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. ஆயினும் கைமீறிய நோயென்றால் ஆம்புலன்சு இன்றும் பனகல் சாலைக்கே விரைகிறது. பாம்புக் கடி, தீக்காயம், நாற்கரச் சாலை விபத்து, பேறுகாலச் சிக்கல் என ஒரே இரவில் அங்கே காண்பதைச் சிறிய மருத்துவமனையில் ஓராண்டிலும் காண முடியாது. கூட்டமும் நெருக்கடியும் அங்கு மிகுதிதான். ஆனால் அந்த நெருக்கடியில் எந்த நோயாளியை முதலில் கவனிப்பது என்று தீர்மானிக்கும் ஆற்றலை வேறெங்கே கற்பது?

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, புதுவை ஜிப்மர் ஆகியவற்றின் சிறப்பும் இதுவே. கல்லூரியும் மருத்துவமனையும் அங்கே ஓருடலாக இயங்குகின்றன. தனியார் கல்லூரிகளிலும் நல்ல மருத்துவமனையோடு இணைந்தவை உண்டு. ஆதலால் அரசு, தனியார் என்ற பெயரை வைத்து மட்டும் முடிவு கட்டாமல், ‘மாணவியர் எந்த மருத்துவமனையில், எந்த வார்டில், வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி பெறுகின்றனர்?’ என்று நேரில் சென்று கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, சிறப்புத் துறை. மருத்துவ–அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என ஐந்து துறைகள் உள்ளன. மருத்துவ–அறுவைத் துறைக்கு வேலைவாய்ப்பு அதிகம் என்று பலரும் அதையே நாடுகின்றனர். நம் வட்டாரத்தின் தேவை என்ன என்பதையும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டாமா? 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிர் துறந்தனர். நாடே நடுங்கிய அந்நிகழ்ச்சி, மனநோயாளிக்குச் சங்கிலியைத் தவிர வேறொன்றும் தர இயலாதிருந்த நம் சமுதாயத்தின் வறுமையைக் காட்டிற்று. மனநலச் செவிலியத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரு பெண், அந்த வறுமையைப் போக்கக் கிளம்பியவளாவாள். அவள் பெங்களூர் ‘நிம்ஹான்ஸ்’ போன்ற, அத்துறைக்கென்றே அமைந்த நிறுவனத்தில் இடம் பெற முயல்வது நன்று.

அவ்வாறே, 1980-களில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலை நாடறிந்த செய்தியாயிற்று. அந்தப் பழியைத் துடைக்கக் கருவுற்ற தாய்மாரின் வாசலுக்கே சென்று பேசியவர்களுள் கிராம சுகாதாரச் செவிலியர் குறிப்பிடத்தக்கவர். அப்பணியின் பின்னணியில் உள்ள கல்வியே சமுதாய நலச் செவிலியம். இதைப் பயில விரும்புவோர், கிராமங்களுக்கு உண்மையிலேயே மாணவரை அனுப்பும் கல்லூரியையே நாட வேண்டும். பெயர்ப் பலகையோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவது களப்பணி ஆகாது.

மூன்றாவது, ஆசிரியரும் ஆய்வேடும். தமிழ்நாட்டுச் செவிலியர் கல்லூரிகள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. முதுநிலை ஆய்வேடுகள் பலவற்றை அப்பல்கலைக்கழகம் தன் இணையக் களஞ்சியத்தில் எவரும் படிக்கத்தக்க வகையில் வைத்துள்ளது. சேர விரும்பும் கல்லூரியின் ஆய்வேடுகள் பத்தைத் திறந்து பாருங்கள். நோயையும் ஊரையும் மாற்றிவிட்டால் மற்றவை யாவும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் தோன்றினால், அங்கே வழிகாட்டுதல் எத்தகையது என்பது விளங்கும். மாறாக, வார்டில் எழுந்த மெய்யான ஐயத்துக்கு விடை தேடிய ஆய்வுகள் கண்ணில் பட்டால், அங்கே சிந்திக்கும் ஆசிரியர் இருக்கிறார் என்று நம்பலாம். நம் கல்லூரியில் புள்ளியியலோ பொருளியலோ பயில்பவர் இவ்வகையில் தம் அக்காவுக்குப் பெரிதும் உதவ முடியும்.

‘இதெல்லாம் சொல்வதற்கு எளிது, கைக்குழந்தையும் கடனும் உள்ளவள் வேலூருக்கும் பெங்களூருக்கும் எப்படிப் போவாள்?’ என்ற கேள்வி நியாயமானதே. கணவர் வேலை, மாமியார் உடல்நிலை, வீட்டு வருமானம் ஆகியவற்றையெல்லாம் தள்ளிவிட்டு எந்தப் பெண்ணும் மேற்படிப்புப் படிப்பதில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள கல்லூரியில் சேர்வது குற்றமும் அன்று, குறையும் அன்று. ஆனால், ‘தினமும் வரவேண்டியதில்லை, வருகைப் பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சலுகை பேசும் இடம் எதுவாயினும், அதன் படியை மிதிக்காதிருப்பதே நன்று. சலுகைபோல் தோன்றும் அந்தச் சொல், ஈராண்டுக் கல்வியைப் பறித்துக்கொண்டு வெறும் தாளைக் கையில் தருவது. கூடுதலாக ஓராண்டு பணிபுரிந்து பணம் சேர்த்துவிட்டு நல்ல இடத்தில் சேர்வது, அவசரப்பட்டு நகையை அடகு வைப்பதைவிட மேலானது.

வெளிநாடு செல்வதே குறிக்கோள் எனில், மேற்படிப்பில் சேருமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவு பெற ஆங்கிலத் தேர்வும் தொழில் திறன் தேர்வும் கேட்கிறார்களேயன்றி, முதுநிலைப் பட்டம் கேட்பதில்லை. மேற்படிப்பு என்பது ஆசிரியராகவோ, ஒரு துறையில் வல்லுநராகவோ விரும்புவோர்க்கு உரிய பாதை. இன்னது வேண்டும் என்று தெளிந்த பின்னரே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும்.

நிறைவாக ஒன்று. கல்லூரியைப் பார்க்கச் செல்லும் நாளில் முதல்வர் அறையோடு திரும்பிவிடாதீர்கள். மருத்துவமனைக்குச் சென்று, இரண்டாமாண்டு மாணவி ஒருவரைக் கண்டு, ‘நேற்று நீங்கள் எந்த நோயாளியைக் கவனித்தீர்கள்? உங்கள் பேராசிரியர் அப்போது உடனிருந்தாரா?’ என்று கேளுங்கள். அவர் தயங்காமல் நோயாளியின் நிலையை விவரிக்கத் தொடங்கினால், அந்தக் கல்லூரியில் துணிந்து சேரலாம். வள்ளுவர் மருத்துவரோடு ஒரே வரிசையில் வைத்த இடத்துக்குத் தக்கவரை உருவாக்கும் கல்லூரி அதுவே என்பது என் துணிபு.