கம்பம் பிள்ளைகளின் ஆங்கிலம்

மேல்நிலை வகுப்புகளில் இரண்டு தாள்களாக இருந்த ஆங்கிலத்தை 2018-19 கல்வியாண்டில் ஒரே தாளாக்கினார்கள். மாணவர்களின் சுமை குறைந்தது. பயிற்சி முறையோ பெரிதாக மாறவில்லை.

கம்பத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையிடம் 'ஷீ ரைட்ஸ் எ லெட்டர்' என்று கொடுத்தால், 'எ லெட்டர் இஸ் ரிட்டன் பை ஹெர்' என்று நொடியில் மாற்றிவிடும். பல ஆண்டு வினாத்தாள்கள் தந்த பழக்கம் அது. பாடநூலில் இல்லாத ஒரு பத்தியை நீட்டினால்தான் தடுமாறுகிறது. பிள்ளையின் அறிவுக் குறைவல்ல இது. கைடைத் தாண்டி வாசிக்க நாம் எதையும் கொடுக்காததன் விளைவு.

சீனாவின் 'காவ்காவ்' நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். அங்கும் மனப்பாடம் உண்டுதான். ஆனாலும் முன்பின் பார்த்திராத பத்திகளைப் படித்து விடையளிப்பதற்குத் தேர்வில் பெரும் பங்கு இருக்கிறது. பல மாகாணங்களில் காதால் கேட்டு விடையளிக்கும் பகுதியும் உண்டு.

நமக்கு வாசிப்புப் பத்திகளுக்கா பஞ்சம்? கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி இருக்கிறது. போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்-ஏலத்தின் வரத்து, விற்பனை, சராசரி விலை எல்லாம் ஆங்கிலத்தில் வெளியாகின்றன. வீட்டில் தினமும் காதில் விழும் சங்கதி என்பதால், தெரியாத சொல்லுக்கும் பிள்ளையே பொருள் ஊகித்துவிடும்.

ஆசிரியர்களே, வாரம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள்.