சுரமண்டலமும் ஈட்டியும்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையின் நடுவே மின்சாரம் நின்றுபோயிற்று. துதிப்பாடலின் உச்சம் அது. ஒரே வரியை ஏழெட்டு முறை பாடியிருந்தோம். ஒவ்வொரு முறையும் டிரம்ஸ் ஓசை நெருங்கி வந்தது. கீபோர்டோ தன் ஆதார சுரத்துக்குத் திரும்பாமல் அந்தரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அடுத்த அடியில் பல்லவி வெடித்தெழும் என்று சபையார் யாவரும் காத்திருந்த அந்த வேளையில்தான் கீபோர்டும் ஒலிபெருக்கியும் திரையிலிருந்த பாடல் வரிகளும் ஒருமிக்க அற்றுப்போயின. டிரம்ஸ் வாசித்த தம்பி திகைத்துக் கையை நிறுத்தினார். பாட்டும் நின்றது. உயர்த்தியிருந்த என் கைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன் கண்ணீர் வடித்தவர்கள் தலைக்குமேல் நின்றுபோன மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அந்தக் கண்ணீர் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

பாடல் நம்மை ஆட்கொள்ளும் வழிகள் மறைபொருள் அல்ல. கைதட்டும் கூட்டம் சற்று நேரத்தில் தானாகவே ஒரே தாளத்துக்குள் வந்துவிடுகிறது. தனித்தனியாக வந்தவர்கள் ஓருடலாகிறார்கள். ஒரு வரியை முதன்முறை கேட்கையில் அறிவு அதை நிறுத்துப் பார்க்கிறது. ஐந்தாம் முறை பாடும்போதோ அது நம்முடைய சொல்லாகவே ஆகிவிடுகிறது. இவற்றினும் வலியது காத்திருப்பு. வந்து சேரவேண்டிய சுரத்தைக் காட்டிக் காட்டித் தள்ளிப்போட்டால், அது வந்து சேரும் கணத்தில் நெஞ்சு உடைகிறது. எதைக் குறித்துப் பாடினாலும் உடையும்.

இதை நான் சொன்னபோது கீபோர்டு வாசிக்கும் தம்பி விடவில்லை. "கீர்த்தனையில் மட்டும் இது இல்லையா ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேதநாயகம் சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனைகளில் அனுபல்லவி மேல்ஸ்தாயியை எட்டிப்பிடித்துவிட்டு மீண்டும் பல்லவியில் வந்து இறங்கும்போது நமக்கு உண்டாகும் ஆறுதலும் இதே வேலைப்பாடுதான். சங்கீதக்காரரும் இதை அறிந்திருந்தார்கள். 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் ஒரே வாக்கியத்தால் முடிகின்றன. 13-ஆம் சங்கீதம் இன்னும் எத்தனை காலம் என்று நான்கு முறை கேட்டு நம்மைத் தவிக்கவிட்ட பின்னரே நம்பிக்கைக்கு வருகிறது. ஆகவே உத்தியைக் குற்றஞ்சாட்ட எனக்கு வாயில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். 136-இல் திரும்ப வரும் வாக்கியம் ஒன்றே என்றாலும், அதற்கு முன்னே வரும் பாதி ஒவ்வொரு முறையும் புதிது: சூரியன், சந்திரன், பிளவுண்ட சமுத்திரம், வனாந்தரம், சீகோன், ஓக், கடைசியில் எல்லா உயிர்க்கும் ஆகாரம். மறுமொழி ஒவ்வொரு முறையும் ஒரு புதிய காரணத்தைப் பற்றிக்கொள்கிறது. நாம் அன்று ஏழெட்டு முறை பாடிய வரிக்கு அத்தகைய காரணம் ஒன்றுமில்லை. ஓசை மட்டுமே வளர்ந்தது.

சவுலை நினைத்துப் பாருங்கள். தாவீது சுரமண்டலம் வாசித்தபோது அவனுக்கு ஆறுதல் உண்டாயிற்று. பின்னொரு நாள் அதே கை வாசித்துக்கொண்டிருக்கையில் அவன் ஈட்டியை எறிந்தான். வாசிப்பவரும் கேட்பவரும் அவர்களே. இசை அவன் நெஞ்சை இளக்கியது மெய், அவனை மாற்றவில்லை. பரிசுத்த அகஸ்தீனும் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் புத்தகத்தில் இந்த அச்சத்தை ஒளிக்காமல் எழுதினார்: பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் அசைக்கும் வேளைகளைப் பாவமென்று கருதினார். ஆனாலும் விசுவாசத்துக்குத் திரும்பிய நாட்களில் சபையின் பாடல் கேட்டு அழுததை எண்ணி, பாட்டை விலக்க மனமின்றி நின்றார். அந்தத் தடுமாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது.

என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. கணவரை இழந்த ஒரு சகோதரி பல வாரங்களாக ஆலயத்துக்கு வரவில்லை. சென்று விசாரித்தேன். எல்லாரும் அழுது பாடும் வேளையில் தமக்குள் ஒன்றுமே நிகழவில்லை என்றும், தேவ ஆவியானவர் தம்மைவிட்டு விலகிவிட்டார் போலும் என்றும் சொன்னார். டிரம்ஸ் ஓசையின் ஏற்றத்தை ஆவியானவரின் வருகை என்று நாமே பல மேடைகளில் பெயரிட்டுச் சொன்னதன் விளைவு இது. நானும் சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதற்காக மன்னிப்புக் கேட்டேன்.

வரும் ஞாயிறு 88-ஆம் சங்கீதத்தைப் பாடவிருக்கிறோம். அதில் விடை வருவதில்லை. நண்பர்கள் விலகிப்போக, மூலமொழியில் 'இருள்' என்னும் சொல்லோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சகோதரியையும் அழைத்திருக்கிறேன். பாடி முடித்தபின் ஆதார சுரத்தை வாசித்துக் காதுகளைத் தேற்ற வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்று கீபோர்டு தம்பியிடம் கேட்டுக்கொண்டேன்.

"பழக்கமில்லை ஐயா, விரல் தானாகப் போகும். முயன்று பார்க்கிறேன்" என்றார்.