கரட் விலையும் திறைசேரி முறியும்

இலங்கை மத்திய வங்கி வெளியிடும் அன்றாட விலைப்பட்டியலில் புறக்கோட்டையோடு தம்புள்ளைக்கும் இடம் உண்டு. போஞ்சி, கரட், தக்காளி, பெரிய வெங்காயம் என வரிசையாக மொத்த விலை போட்டிருக்கும். 1999இல் தொடங்கிய தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு நுவரெலியாவிலிருந்து லொறி வரும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் போகும். அரசு குறுகிய காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியல்களையும் அதே மத்திய வங்கிதான் புதன்கிழமைகளில் ஏலம் விடுகிறது. மரக்கறி விலையைப் பார்ப்பவர்கள் அந்த ஏல வட்டியையும் பார்க்கப் பழக வேண்டும். ஏன் என்பதை 2022 காட்டிவிட்டது.

அதற்கு முன்பு அரசுக்குக் குறைந்த வட்டியில் கடன் வேண்டியிருந்தது. ஏலத்தில் வட்டிக்கு உச்சவரம்பு போட்டார்கள். அந்த வட்டிக்கு வாங்க ஆள் இல்லாமல் எஞ்சிய உண்டியல்களை மத்திய வங்கியே பணம் அச்சிட்டு வாங்கியது. 2021இல் இரசாயன உரத் தடை வந்து விளைச்சல் விழுந்தது. 2022 மார்ச்சில் ரூபாயும் சரிந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஆளுநராக வந்த நந்தலால் வீரசிங்க, கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. விலை இரட்டிக்கும் நாட்டில் 10 சதவீத வட்டிக்கு யார் கடன் கொடுப்பார்?

நீண்ட காலக் கடனுக்கான பழைய திறைசேரி முறிகளை வைத்திருந்தவர்கள் நிலை வேறு. ஆண்டுக்கு 10,000 ரூபாய் தரும் ஒரு இலட்ச ரூபாய் முறி, முதிர இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புது முறி 30 சதவீதம் தரும்போது அந்தப் பழைய முறியைச் சுமார் 51,000 ரூபாய்க்குத்தான் விற்க முடியும்.

எல்லா விலையேற்றத்துக்கும் வட்டி மருந்தாகாது என்பதும் உண்மை. 2024 ஜனவரியில் கரட் சில்லறையில் கிலோ 2,000 ரூபாய் வரை போனது. மழை பயிரைக் கெடுத்திருந்தது. வற் வரியும் 18 சதவீதமாகியிருந்தது. மத்திய வங்கி வட்டியைக் கூட்டவில்லை. மார்ச்சில் குறைக்கவும் செய்தது. சரியான முடிவு அது. வட்டியைக் கூட்டினால் கரட் விளையாது, விதைக்குக் கடன் வாங்கும் விவசாயிதான் நசுங்குவார்.

2022இன் கதையில் அதிகம் இழந்தது, பழைய முறிகளை நிறைய வைத்திருந்த ஊழியர் சேமலாப நிதிதான். 2022க்கு அது தந்த வட்டி 9 சதவீதம். அவ்வாண்டின் சராசரிப் பணவீக்கம் 46.4. தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைத்தவர்களின் சேமிப்பு அப்படிக் கரைந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, வங்கிகளின் முறிகளைத் தொடாமல் விட்டார்கள். சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகளிடம் முறிகளை மாற்று, இல்லையேல் 14க்குப் பதில் 30 சதவீத வரி கட்டு என்றார்கள். இது அநீதி. மாற்றிய புது முறிகள் 2026இலிருந்து முதிர்வு வரை 9 சதவீதமே தரும். கடைசி முறி முதிர்வது 2038இல். பணவீக்கம் இலக்கான 5 சதவீதத்தில் நின்றால் தொழிலாளிக்கு ஏதோ மிஞ்சும். 9ஐத் தாண்டினால் சேமிப்பு மறுபடி தேயும்.

அரசின் உண்டியல்களை மத்திய வங்கி ஏலத்தில் வாங்குவதை 2023ஆம் ஆண்டின் புதிய சட்டம் தடுக்கிறது. வட்டியைக் குறைக்க அந்தத் தடையைத் தளர்த்துவோம் என்று எந்தக் கட்சி கிளம்பினாலும், முதலில் எதிர்த்து நிற்க வேண்டியவை தொழிற்சங்கங்கள்.