சிறகு முளைத்த குதிரையும் நம் வீட்டுப் பிள்ளையும்



சில வாரங்களுக்கு முன், இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தபோது, நல்லூரில் என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனின் அத்தா எனக்காகக் காத்திருந்தார். சாயப்பட்டறை ஒன்றில் நெடுநாளாக டையிங் மாஸ்டராக இருப்பவர். கையில் ஓர் அட்டைப்பெட்டி. திறந்து காட்டினார். சுண்டுவிரல் நீளங்கூட இல்லாத பொம்மைகள்: வாளேந்திய வீரர்கள், தாடி வைத்த குள்ளர்கள், சிறகு விரித்த டிராகன் ஒன்று.

“ஹஜ்ரத், பதினேழு வயதாகிறது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இதற்குப் பெயின்ட் அடிக்கிறான். உருவம் இருக்கிற வீட்டுக்கு மலக்குகள் வரமாட்டார்களே! குப்பையில் போட்டுவிடட்டுமா?”

“பையன் என்ன சொல்கிறான்?” என்று கேட்டேன்.

“அவனிடம் என்ன கேட்பது?” என்றார்.

அந்தப் பதில்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் இது என்னவென்று அறிந்துகொள்வோம். மேசையின் மீது சிறு போர்க்களம் ஒன்றை அமைத்து, பகடை உருட்டி, அளவுகோலால் தூரம் அளந்து, பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் விளையாட்டு இது. இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘வார்ஹாமர்’ இவற்றுள் புகழ்பெற்றது. பொம்மைகள் பெரும்பாலும் 28 முதல் 32 மில்லிமீட்டர் உயரமுடையவை. வண்ணமின்றி, சாம்பல்நிறப் பிளாஸ்டிக்கில் வரும். வாங்குபவரே அவற்றை வெட்டி ஒட்டி, அடிப்பூச்சு பூசி, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டவேண்டும். விளையாடுவதைவிட வண்ணம் தீட்டுவதிலேயே இன்பம் காண்போரும் உண்டு.

பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள சென்னப்பட்டணத்தில் மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றி, தாழைமடலால் மெருகிடும் கைவினைஞர்களில் முஸ்லிம்கள் பலர். திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கலைஞர்களை வரவழைத்ததால் அத்தொழில் வளர்ந்ததென்பது அவ்வூர் வழக்கு. ஆயினும் ஊர்வழக்கு மார்க்கச் சான்று ஆகாது; நாம் நபிவழியைத்தான் பார்க்கவேண்டும்.

உருவம் அமைப்பதைக் குறித்த எச்சரிக்கைகள் கடுமையானவை, ஆதாரப்பூர்வமானவை. அவற்றை மழுப்புவதற்கு எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த எச்சரிக்கைகள் வந்த அதே இல்லத்தில் நடந்த இரு நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் உள்ள திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்து அகற்றினார்கள். பின்னர் அத்துணி வெட்டப்பட்டுத் தலையணையாயிற்று. இது புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. அதே ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே, துணியால் சிறகு வைத்த குதிரையொன்றை நபியவர்கள் ஒருமுறை கண்டார்கள். இது அபூதாவூதில் வரும் செய்தி. அது என்னவென்று கேட்டார்கள். அதன்மேல் இருப்பது என்னவென்று கேட்டார்கள். குதிரைக்குச் சிறகா என்று வியந்தார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்க, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

திரை அகற்றப்பட்டது, குதிரை விட்டுவைக்கப்பட்டது. மதிப்போடு உயரத்தில் தொங்கிய உருவத்திற்கும் விளையாடப்பட்ட உருவத்திற்கும் வேறுபாடு இருந்தது. இதைக் கொண்டே அறிஞர்களில் பெரும்பாலோர் சிறார் பொம்மைகளை அனுமதித்தனர். அவ்வனுமதி பின்னர் மாற்றப்பட்டதெனக் கருதியவர்களும் உண்டு. பதினேழு வயதினன் சிறுவனா, வார்த்து வந்த பொம்மைக்கு வண்ணம் பூசுவது உருவம் படைப்பதாகுமா என்ற கேள்விகளில் ஆலிம்கள் ஒரே சொல்லில் நிற்கவில்லை. நான் முஃப்தி அல்லன், மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன். தம் மத்ஹபின்படி விடை வேண்டுவோர் தகுதியுள்ள ஆலிமை அணுகட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஹதீஸில் சிரிப்பு கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பு வருபவை கேள்விகள். அல்லாஹ்வின் தூதரே ஒரு பொம்மையைப் பற்றி அடுத்தடுத்துக் கேட்டறிந்தார்கள் என்றால், பெற்றோராகிய நாம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பெட்டியைக் குப்பையில் கொட்டுவது எந்த வழிமுறை? மார்க்கத்தின் பெயரால் கேள்வியின்றி ஒன்றைப் பறித்தால், பிள்ளை அதை மறப்பதில்லை; அடுத்தமுறை மறைக்கக் கற்றுக்கொள்கிறான். இன்று பொம்மையை மறைப்பவன் நாளை ஃபோனை மறைப்பான். பிறகு மனத்தையே மறைப்பான்.

மறுநாள் அஸருக்குப் பின் அத்தாவையும் மகனையும் ஒன்றாக அமரவைத்தேன். நான்கு கேள்விகள் கேட்டேன்.

இதனால் தொழுகை தவறுகிறதா? தலைகுனிந்தான், ஃபஜ்ர் சில நாள் தவறியிருந்தது. வண்ணம் தீட்டுவதை இஷாவோடு முடிப்பதாக அவனே ஒப்புக்கொண்டான்.

பணம் எங்கிருந்து வருகிறது? இறக்குமதிப் பெட்டி ஒன்றே சில ஆயிரம் ரூபாய் ஆகும். விடுமுறையில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துச் சேர்த்ததாகச் சொன்னான். அத்தாவுக்கு அது தெரியாது.

கதையில் என்ன இருக்கிறது? இத்தகைய விளையாட்டுகள் சிலவற்றில் பொய்த்தெய்வங்களும் அவற்றை வழிபடும் படைகளும் வருகின்றன. அவற்றை ஒதுக்கிவிடு என்றேன். இதில் விட்டுக்கொடுக்க இயலாது.

எங்கே வைக்கிறாய்? கண்ணாடி அலமாரியில் அழகுபடுத்தி வைக்காதே, ஆடியபின் பெட்டிக்குள் போகட்டும் என்றேன்.

பிறகு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவுரையைச் சொன்னேன். உருவம் வரைந்தே பிழைக்கும் ஒருவர் வந்து கேட்டபோது, செய்துதான் ஆகவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டினார்கள். இதைக் கேட்டதும் பையனின் முகம் மலர்ந்தது. இந்த விளையாட்டில் மேசையின் பெரும்பகுதி நிலக்காட்சிதானாம்: பாறை, பாலம், இடிந்த கோட்டை, காடு. தெர்மாகோலில் செதுக்கிச் செய்த கற்சுவர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். கறுப்பின்மேல் சாம்பல், அதன் விளிம்புகளில் உலர்ந்த தூரிகையால் வெளிறிய பூச்சு. ஈரக்கல்லைப் போலவே இருந்தது.

அத்தா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தச் சாம்பலில் நீலம் ஒரு சொட்டு கூடிவிட்டது” என்றார். “எப்படித் தெரிந்தது?” என்று மகன் வியந்து கேட்டான். வெளிநாட்டு பையருக்கு ஷேடு பிடிக்கும் கதையை அவர் சொல்லத் தொடங்கினார். ஒரே வீட்டில் இருவர் வண்ணத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள். இதைப்பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. மஃரிபுக்கு பாங்கு சொல்லும்வரை பேச்சு நீண்டது.

உயிருருவங்களை அவன் முற்றிலும் விட்டுவிடவேண்டும் என்பதே என் விருப்பம்; பேணுதல் அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்திற்கு அவன் தானாக நடந்துவர வேண்டும். அதுவரை நாம் அவனோடு நடக்கவேண்டும். உங்கள் வீட்டில் அந்தப் பெட்டிக்குள் இருப்பது பொம்மையாக இருக்கலாம், வேறேதாவதாகவும் இருக்கலாம். எறிவதற்கு முன் ஒருமுறை அருகில் அமர்ந்து, “இது என்ன?” என்று கேளுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளை நேர்வழியில் நிலைக்கச் செய்வானாக. அவனே யாவற்றையும் நன்கறிந்தவன்.

வஸ்ஸலாம்.