ஓடியவர் பிடிபட்டார், மருந்து கொடுத்தவர்?

2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் திருச்சி முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். கட்சிகள் போட்டிபோட்டுப் பரிசு அறிவித்தன. அவரது வறுமையை ஊடகங்கள் சலிக்காமல் எழுதின. அடுத்த ஆண்டே ஊக்கமருந்துக்காக நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டு, பதக்கமும் பறிபோனது. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றார் அவர். 2021இல் பாட்டியாலாவில் 200 மீட்டரில் பி.டி. உஷாவின் பழைய போட்டிச் சாதனையை முறியடித்த தனலட்சுமியும் மறுவருடமே சிக்கினார். நம்பி ஏமாந்தோம் என்ற கசப்பு நியாயம்தான். ஆனால், அந்தக் கசப்பு முழுவதும் ஓடியவர் தலையில் மட்டும் இறங்குவது யாருக்கு வசதி? கோமதியின் மாதிரியில், தோஹாவுக்கு ஒரு மாதம் முன்பே, மார்ச்சில் பாட்டியாலாவில் எடுத்தபோதே மருந்து இருந்தது. முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். அதே 2019 ஆகஸ்டில் தில்லியிலுள்ள தேசிய ஆய்வகத்தின் அங்கீகாரத்தையே உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை நிறுத்திவைத்தது. அதற்காக இங்கே யாரும் கொதிக்கவில்லை.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் தயாராகும் ஒரு வாகன உதிரிபாகம் பழுதென்று திரும்பி வந்தால், கடைசியாக அதைத் தொட்ட தொழிலாளியோடு விசாரணை முடிவதில்லை. எந்த ஷிப்ட், எந்த மெஷின், எந்த சப்ளையரின் சரக்கு என்று பின்னோக்கிப் போகிறார்கள். விளையாட்டில் மட்டும் கடைசி ஆளோடு கோப்பை மூடிவிடுகிறோம். அமெரிக்க பேஸ்பால் இந்தக் கசப்பில் நமக்கு முன்னோடி. 2005 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு முன் விரலை நீட்டி, ஸ்டீராய்டு தொட்டதே இல்லை என்று சொன்ன வீரர் ரஃபேல் பால்மைரோ சில மாதங்களில் பிடிபட்டார். ரசிகர்கள் அந்த விரலை இன்னும் மறக்கவில்லை. ஆனால், பேஸ்பாலின் ஊக்கமருந்துப் பழக்கத்தை விசாரித்து 2007இல் வெளிவந்த மிட்செல் அறிக்கை வீரர்களை மட்டுமல்ல, ஆணையர்கள், அணி நிர்வாகிகள், வீரர் சங்கம் என எல்லோரையும் பொறுப்பாக்கியது. நம்மிடம் அப்படியொரு அறிக்கை எங்கே?

தன் உடம்புக்குள் போவதற்கு வீரரே பொறுப்பு, அதைத் தளர்த்தினால் எல்லோரும் ‘தெரியாது’ என்பார்கள் என்ற வாதம் வலுவானது. தடையைக் குறைக்கச் சொல்லவில்லை. மேலேயும் நீட்டச் சொல்கிறேன். சோதனை கூடியதால்தான் பிடிபடுவோர் எண்ணிக்கை கூடியது என்ற சமாதானம் அவ்வளவு நிற்காது. 2023இல் இந்தியா சோதித்த 5,606 மாதிரிகளில் 3.8 விழுக்காட்டில் மருந்து இருந்தது. பல மடங்கு அதிகம் சோதித்த சீனா, ஜெர்மனியில் அது ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. இத்தனை பேருக்கும் மருந்துக்கடை வழி தற்செயலாகவா தெரிந்திருக்கும்? தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை வெளியிடும் தடைப் பட்டியலில் வீரரின் பெயருக்குப் பக்கத்தில் பயிற்சியாளர், பயிற்சி முகாம் பெயர்களும் அச்சாகட்டும். அவர்கள் குற்றவாளிகள் என்பதற்காக அல்ல, விசாரணை அங்கிருந்து தொடங்குவதற்காக.