காவலர் பயிற்சியில் ஆட்டிசம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்ததோடு நிற்கவில்லை. காவல்துறையினருக்கான எல்லாப் பயிற்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் இடம்பெற வேண்டும் என்று அதன் 47ஆவது பிரிவு கட்டாயமாக்குகிறது. பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் நூறாண்டுக்கு முன்பே பள்ளி கண்ட பாளையங்கோட்டை, இதை முன்னின்று செய்யத் தகுந்த ஊர். அங்கே தசரா இரவில் சப்பரங்கள் கூடும் இடத்தை எண்ணிப் பாருங்கள். மேளச் சத்தமும் விளக்கொளியும் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் ஆட்டிசமுள்ள இளைஞன், ‘நில்’ என்றாலும் நிற்காமல் போகலாம். பெயரைக் கேட்டால் கேள்வியையே திருப்பிச் சொல்லலாம். கையைப் பிடித்தால் உதறலாம். பயிற்சியில்லாத கண்ணுக்கு அது போதையாகவோ திமிராகவோதான் படும். 2016இல் அமெரிக்காவின் வடக்கு மயாமியில், ஆட்டிசமுள்ள ஒருவரின் கையிலிருந்த பொம்மை லாரியை ஆயுதம் என்று எண்ணிக் காவலர் சுட்டார். குண்டு பாய்ந்ததோ, கைகளை உயர்த்தியபடி அருகே தரையில் கிடந்த பராமரிப்பாளர் மீது.

பார்த்தவுடன் தெரியாத ஒன்றைக் காவலர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆட்டிசமா இல்லையா என்று முடிவுகட்டுவது அவர் வேலையன்று. ஒருவர் மட்டும் பேசுவது, சுருக்கமாகக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, சைரனை நிறுத்துவது, ஆபத்து இல்லாதவரை தொடாமலிருப்பது ஆகியவை போதும். பயந்துபோன எவரிடமும் இவை பலிக்கும். குற்றவாளி நடித்துத் தப்பிவிடுவானே என்ற அச்சத்துக்கும் இடமில்லை; சில நிமிடப் பொறுமை கைது செய்யும் அதிகாரத்தைப் பறித்துவிடாது. மாநகரக் காவல் ஆணையர், ஆட்டிசம் உள்ளவர்களையும் அவர்களின் பெற்றோரையும் சிறப்பாசிரியர்களையும் அழைத்து, அடுத்த தசரா பந்தோபஸ்துக்கு முன்பே முதல் வகுப்பை நடத்த வேண்டும்.