கருவி கேட்காத உறுமல்

புதுச்சேரியில், ஒதியம்பட்டு போன்ற வில்லியனூர் கொம்யூன் ஊர்களில் வயல்கள் மனைகளாகி வருகின்றன. அதே கொம்யூனில் சேதராப்பட்டு, பாகூர் பக்கம் கிருமாம்பாக்கம் எனத் தொழிற்பேட்டைகளும் உண்டு. வீடும் ஆலையும் இப்படி நெருங்கும் இடங்களில் வருவது காதைப் பிளக்கும் இரைச்சல் மட்டுமல்ல. தெரு அடங்கிய பிறகும் கம்ப்ரசரும் புளோயரும் ஜெனரேட்டரும் விடாமல் எழுப்பும் அடித்தொண்டை உறுமலும் வருகிறது. அதைப் பிடிக்க நம் விதிகளில் வழியில்லை.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு கட்டின. அளப்பது 'ஏ' வடிகட்டி வைத்த கருவியால். மெல்லிய ஒலிகளில் தாழ்ந்த சுருதி நம் காதுக்குக் குறைவாகவே கேட்கும் என்பதால், அந்த வடிகட்டி அதைத் தள்ளுபடி செய்துவிடும். 50 ஹெர்ட்ஸில் தள்ளுபடி 30 டெசிபல். 80 டெசிபல் அளவுக்கு உறுமும் இயந்திரம் கருவியில் வெறும் 50 காட்டும். வரம்பை 10 டெசிபல் மிஞ்சினால் புகார் தரலாம் என்பது விதி; இரவு வரம்பான 45உடன் 10 சேர்த்தால் 55, இந்த 50 அதைத் தொடவே இல்லை. அந்த ஒலியின் அலைநீளமோ ஏறக்குறைய 7 மீட்டர். அதனால் சன்னலைச் சாத்தினால் கீச்சொலிகள் வெளியே நின்றுவிடும், உறுமல் மட்டும் அறைக்குள் தங்கிச் சன்னல் கண்ணாடியை அதிரவைக்கும். தாழ்ந்த ஒலி மிகுந்த இடத்தில் 'ஏ' அளவு மட்டும் போதாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999லேயே சொல்லிவிட்டது.

ஒருவருக்குக் கேட்பது பக்கத்து வீட்டாருக்குக் கேட்பதில்லையே, இதை எப்படி நம்புவது என்பார்கள். அதனால்தான் அளக்கச் சொல்கிறோம். டென்மார்க் 10 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கு, இரவில் வீட்டுக்குள் 20 டெசிபல் எனத் தனி வரம்பே வைத்திருக்கிறது. ஆலைக்கு நெருக்கடி கொடுத்தால் வேலை போகும் என்ற அச்சம் நியாயமானது. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பல அந்தச் சம்பளத்தில்தான் வாழ்கின்றன. ஆனால் ஆலையை மூடச் சொல்லவில்லை. சமன் குலைந்த விசிறியைச் சரிசெய்வது, அடித்தளத்தில் அதிர்வு தாங்கிகள் வைப்பது, சைலன்சர் பொருத்துவது, இயந்திரத்தை வீடில்லாத பக்கம் நிறுத்துவது எல்லாம் நிறுவும்போதே செய்தால் செலவு குறைவு. பின்னால் உடைத்துச் செய்தால்தான் கையைக் கடிக்கும்.

இதற்கு விதிகளில் டெல்லி திருத்தம் கொண்டுவரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1987 திருத்தத்திலிருந்து ஒலியும் காற்று மாசுச் சட்டத்துக்குள் வருகிறது. எனவே புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் ஆலைக்கு இசைவு தரும்போதே நிபந்தனை விதிக்கலாம்: அருகிலுள்ள வீட்டுக்குள், நள்ளிரவில், சன்னலைச் சாத்தி 'ஏ' அளவையும், தாழ்ந்த ஒலியை அவ்வளவாகத் தள்ளுபடி செய்யாத 'சி' வடிகட்டியின் அளவையும் எடுக்க வேண்டும். இடைவெளி 20 டெசிபலைத் தாண்டினால், ஜெர்மனியில் செய்வதுபோல, அதிர்வெண் வாரியாக அளந்து ஆலை தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.